சூழலியல் அறிவியலை மக்களிடம் கொண்டுசேர்ப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

2024 அக்டோபரில் உலக இயற்கை நிதியம் ஓர் அறிக்கை வெளியிட்டது. விஞ்ஞானிகள் கண்காணித்துவரும் முதுகெலும்புள்ள காட்டுயிர்க் கூட்டங்களின் அளவு, 1970-க்கும் 2020-க்கும் இடையில் சராசரியாக 73 விழுக்காடு சரிந்திருக்கிறது என்றது அது. இந்த மாதிரிச் செய்தி நாலு பேர் கைமாறுவதற்குள் "உலகின் விலங்குகளில் 73 விழுக்காடு செத்துவிட்டன" என்று ஆகிவிடும். இரண்டும் ஒன்றல்ல.

ஒரு குளத்தில் 100 தவளைகள் இருந்தன, இப்போது 5 இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவு 95 விழுக்காடு. பக்கத்துக் காட்டில் 10,000 பறவைகள் இருந்தன, அப்படியே இருக்கின்றன. சரிவு பூஜ்யம். இரண்டு கூட்டங்களின் சராசரிச் சரிவு 47.5 விழுக்காடு. ஆனால் மொத்தமாக எத்தனை உயிர் குறைந்தது? 10,100-இல் 95. ஒரு விழுக்காடுகூட இல்லை. அறிக்கையின் உண்மையான கணக்கு இதைவிட நுணுக்கமானது, அடிப்படை இதுதான்.

இதைச் சொல்லிவிட்டால் செய்தியின் கனம் குறைந்துவிடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். குறையாது. சின்னக் கூட்டங்கள் ஒவ்வொன்றாகக் கரைவதுதான் அழிவின் முதல் கட்டம் என்று வாசகருக்கு அப்போதுதான் புரியும். எண்ணை மட்டும் கொடுத்தால் அது வழியில் திரிந்துபோகும். அந்த எண் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் நிற்கும். பல்லுயிர், காலநிலை, தண்ணீர் எதைப் பற்றி எழுதினாலும், பேசினாலும், நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: "அவர்களுக்கு இது எப்படித் தெரிந்தது?" என்ற கேள்விக்கு என் எழுத்தில் பதில் இருக்கிறதா?

படி 1: ஓர் ஆளை மனதில் வையுங்கள்

'பொதுமக்கள்' என்று யாரும் கிடையாது. பயிர் வைப்பவர், பள்ளி மாணவி, நகராட்சி உறுப்பினர், மீன் பிடிப்பவர் என்று இருக்கிறார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், இதை வைத்து அவரால் என்ன செய்ய முடியும் என்று இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது வரி எழுத வரவில்லை என்றால், நீங்கள் எடுத்த விஷயம் இன்னும் பழுக்கவில்லை.

அந்த ஆளிடம் முதலில் கேட்கவும் வேண்டும். ஓர் ஆற்றங்கரையில் 40 ஆண்டு வாழ்ந்தவருக்கு அந்த ஆற்றைப் பற்றி எந்த ஆய்விலும் வராத விவரங்கள் தெரியும். எந்த மீன் எப்போது காணாமல் போனது என்று அவர் சொல்வார். ஏன் போனது என்பதற்கான ஆய்வை நீங்கள் அவருக்குச் சொல்லலாம். பேச்சு அப்படித்தான் தொடங்க வேண்டும்.

படி 2: ஆய்வு நடந்த விதத்தைப் படியுங்கள்

ஆய்வுக் கட்டுரையின் சுருக்கம் முடிவைச் சொல்லும். நமக்கு வேண்டியது 'ஆய்வுமுறை' என்ற பகுதி. படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் படியுங்கள். எங்கே அளந்தார்கள், எத்தனை ஆண்டு அளந்தார்கள், எத்தனை மாதிரிகள், எதோடு ஒப்பிட்டார்கள், எதை அளக்கவில்லை என்ற ஐந்துக்கும் விடை குறித்துக்கொள்ளுங்கள். களத்தில் பார்த்ததா, ஆய்வகத்தில் செய்ததா, கணினி மாதிரி கணித்ததா என்பதையும் பிரித்துவைக்க வேண்டும். ஆய்வகத் தொட்டியில் ஒரு மீனுக்கு நடந்தது கடலிலும் நடக்கும் என்று அந்த விஞ்ஞானியே சொல்லியிருக்க மாட்டார்.

ஒரே ஓர் ஆய்வை வைத்துப் பெரிய முடிவு சொல்வதைத் தவிருங்கள். காலநிலைக்கு 1988-இல் அமைக்கப்பட்ட ஐபிசிசி, பல்லுயிருக்கு 2012-இல் அமைக்கப்பட்ட ஐபிபிஇஎஸ் ஆகிய இரண்டு பன்னாட்டுக் குழுக்களும் ஆயிரக்கணக்கான ஆய்வுகளை ஒன்றாக வைத்து எடைபோடுகின்றன. புதிய ஆய்வு எதுவானாலும், அது இந்தப் பெரிய படத்தில் எங்கே பொருந்துகிறது என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

விஞ்ஞானியோடு பேச வாய்ப்பு கிடைத்தால், தவறாமல் ஒன்று கேளுங்கள்: "உங்கள் ஆய்வை மற்றவர்கள் எப்படித் தப்பாகச் சொல்வார்கள் என்று நினைக்கிறீர்கள்?" அதுவரை கவனமாக அளந்து பேசியவர்கள்கூட இந்தக் கேள்விக்கு மனம் திறந்து பேசுவார்கள். கட்டுரைக்கு வேண்டிய பாதி விஷயம் அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.

படி 3: ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள்

விஞ்ஞானியும் ஒப்புக்கொள்ள வேண்டும், உங்கள் வாசகரும் வீட்டில் திருப்பிச் சொல்ல முடிய வேண்டும். அப்படி ஒரு வாக்கியம். உதாரணத்துக்கு: "காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும்; அதனால்தான் மழை கொட்டும்போது முன்பைவிடக் கனமாகக் கொட்டுகிறது." இதில் காரணமும் இருக்கிறது, விளைவும் இருக்கிறது. இந்த வாக்கியம் அமையும்வரை மேலே போகாதீர்கள்.

படி 4: சொற்களைச் சோதியுங்கள்

நம் மொழியில் எழுதுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. கடினமான சொல் வந்தால் வாசகர் நின்று யோசிப்பார், அல்லது தாண்டிப்போவார். பெரிய ஆபத்து அதில் இல்லை. எளிதாகத் தெரிந்து வேறு பொருள் தரும் சொல்தான் ஆபத்து.

'பல்லுயிர்ப் பெருக்கம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடநூல்களில் நிலைத்துவிட்ட சொல். முதல்முறை கேட்பவருக்கு உயிர்கள் பெருகுகின்றன என்றே தோன்றும். "பல்லுயிர்ப் பெருக்கம் குறைகிறது" என்றால் பெருகுவது குறைகிறதா, உயிர்கள் குறைகின்றனவா? நான் 'பல்லுயிர்' அல்லது 'உயிர்ப்பன்மை' என்றே எழுதுகிறேன். அதற்குப் பக்கத்திலேயே, எத்தனை வகை உயிர்கள், ஒரே வகைக்குள் எத்தனை வேறுபாடுகள், எத்தனை விதமான வாழிடங்கள் என்ற மூன்றும் சேர்ந்ததுதான் அது என்று ஒரு வரி விளக்கம்.

'நேர்மறைப் பின்னூட்டம்' இன்னொன்று. கேட்டால் நல்ல செய்தி போல இருக்கிறது. உண்மையில் அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் சுழல். பனி உருகினால் இருண்ட கடல் வெளிப்படும், இருண்ட கடல் வெயிலைக் கூடுதலாக உறிஞ்சும், இன்னும் பனி உருகும். 'தன்னைத்தானே தூண்டும் சுழல்' என்று சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை.

'கடல் அமிலமாகிறது' என்றதும் கடலில் கால் வைத்தால் எரியுமோ என்று கேட்பவர்கள் உண்டு. கடல்நீர் இன்றும் காரத்தன்மை உள்ளதுதான். தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து அதன் பிஎச் அளவு (இது குறைந்தால் அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்) சுமார் 8.2-இலிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் அந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு கால் பங்குக்கும் மேல் கூடியிருக்கிறது என்று பொருள். ஓடு கட்டி வாழும் உயிர்களுக்கும் பவளங்களுக்கும் அதுவே நெருக்கடி. "கடல்நீர் அமிலத்தை நோக்கி நகர்கிறது" என்று எழுதலாம்.

'அழிந்த', 'அழிந்துவரும்' என்ற இரண்டும் தலைப்புகளில் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. ஒன்று முடிந்துபோன கதை, மற்றது இன்னும் காப்பாற்றக்கூடியது. 'வானிலை', 'காலநிலை' இரண்டையும் வாசகர் ஒன்றாகவே நினைப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். இன்று மழை பெய்யுமா என்பது வானிலை; ஓரிடத்தில் பல பத்தாண்டுகளின் சராசரிப் போக்கு காலநிலை. வழக்கமாக 30 ஆண்டுகளை அளவாக வைக்கிறார்கள்.

படி 5: எண்களைக் கையில் பிடிக்கும்படி கொடுங்கள்

பூமியின் நீரில் நன்னீர் 2.5 விழுக்காடு என்று எழுதினால் வாசகர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பூமியின் நீர் முழுவதும் 100 லிட்டர் என்றால் அதில் சுமார் 97.5 லிட்டர் உப்புநீர். மீதி இரண்டரை லிட்டரில் ஏறக்குறைய 1.7 லிட்டர் பனியாக உறைந்திருக்கிறது. முக்கால் லிட்டர் நிலத்தடியில். எல்லா ஆறுகளிலும் நன்னீர் ஏரிகளிலும் இருப்பது ஒன்றரைத் தேக்கரண்டிக்குள் அடங்கும். இதை ஒரு குடமும் கரண்டியும் வைத்துச் செய்து காட்டவும் முடியும். சிறு பிள்ளைகளுக்கும் புரியும்.

அளவு மாற்றிச் சொல்வது ஒரு வழி. எண் உருவான விதத்தைச் சொல்வது இன்னொரு வழி, என் பார்வையில் அதைவிடப் பெரிய வழி. ஐபிபிஇஎஸ் 2019-இல் சொன்ன "சுமார் 10 லட்சம் இனங்கள் அழியும் ஆபத்தில்" என்பதைப் பாருங்கள். 10 லட்சம் பெயர்கள் கொண்ட பட்டியல் எதுவும் கிடையாது. உலகில் சுமார் 80 லட்சம் விலங்கு, தாவர இனங்கள் இருக்கலாம், அதில் 55 லட்சம் பூச்சிகள் என்பது மதிப்பீடு. நன்கு ஆராயப்பட்ட பிரிவுகளில் சராசரியாக நான்கில் ஒரு இனம் ஆபத்தில் இருக்கிறது. பூச்சிகளைப் பற்றிய தரவு குறைவு என்பதால் அங்கே பத்தில் ஒன்று என்று எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். பூச்சியல்லாத 25 லட்சத்தில் கால் பங்கு, பூச்சிகள் 55 லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு. கூட்டினால் 10 லட்சத்தைத் தாண்டும். இதைப் படித்த வாசகர், "பட்டியல் எங்கே?" என்று யாராவது மடக்கினால் திகைக்க மாட்டார்.

'நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' என்ற தொடரைக் கைவிட்டுவிடுங்கள். போன வருடம்தான் வந்தது, இனி 99 வருடம் கவலையில்லை என்று மக்கள் நினைக்கிறார்கள். அதன் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர நூறில் ஒரு வாய்ப்பு. 30 ஆண்டு ஒரே வீட்டில் இருந்தால், ஒருமுறையாவது அதைப் பார்க்கும் வாய்ப்பு சுமார் 26 விழுக்காடு; நான்கில் ஒன்று. வீடு கட்டப்போகிறவருக்குத் தேவை இந்த 26. அதுவும் காலநிலை மாறாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு.

"பூமி ஒன்றரை டிகிரி சூடானால் என்ன வந்துவிடப்போகிறது, காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி மாறுகிறதே" என்பதும் நியாயமான கேள்விதான். ஒப்பீடு ஒன்று வேண்டும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், வட அமெரிக்காவின் பெரும்பகுதி கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனியின் கீழ் இருந்தபோது, உலகச் சராசரி தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 5 முதல் 7 டிகிரிதான் குறைவு. உலகச் சராசரியில் ஒரு டிகிரி எவ்வளவு பெரியது என்பது இதிலிருந்து புரியும்.

படி 6: உறுதியில்லாததைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள்

நன்றாகத் தெரிந்தது, ஒரு வரம்புக்குள் தெரிந்தது, இன்னும் விவாதத்தில் இருப்பது. எழுதுமுன் மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மனிதச் செயல்களால் பூமி சூடாகியிருக்கிறது என்பது முதல் பத்தி. 2021-இல் ஐபிசிசி அதை ஐயத்துக்கு இடமில்லாதது என்றே எழுதியது. 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால், 2010–2019 பத்தாண்டுக்குள் மனிதரால் ஏறியிருந்த வெப்பம் 0.8 முதல் 1.3 டிகிரிக்குள், சிறந்த மதிப்பீடு 1.07 என்பது இரண்டாம் பத்தி. ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தில் மழை எந்த அளவு மாறும் என்பது பல இடங்களில் மூன்றாம் பத்தி. இந்த மூன்றையும் கலந்து எழுதினால், மூன்றாவதில் உள்ள ஐயம் முதலாவதிலும் ஒட்டிக்கொள்ளும்.

'பெரும்பாலும்', 'வாய்ப்புண்டு' போன்ற சொற்களை எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள். ஐபிசிசி மொழியில் 'மிகவும் வாய்ப்புள்ளது' என்றால் 90 விழுக்காட்டுக்கு மேல். படிப்பவர்கள் அதை அதைவிடக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்றும், பக்கத்தில் எண் இருந்தால் புரிதல் சரியாகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

2024 இன்னொரு பாடம் தந்தது. அந்த ஆண்டின் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. உடனே "பாரிஸ் இலக்கு போயிற்று" என்று எழுதினார்கள். பூமி சூடாவதைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்தின் 1.5 டிகிரி என்பது பல ஆண்டுகளின் நீண்டகாலச் சராசரியைக் குறிக்கிறது. ஓர் ஆண்டு தாண்டியது கடுமையான எச்சரிக்கை. எல்லை கடந்துவிட்டது என்று அதைச் சொன்னால், அடுத்த ஆண்டு கொஞ்சம் குறையும்போது "பார்த்தீர்களா, எல்லாம் பொய்" என்பவர்களுக்கு நாமே வழி திறந்துவிட்டவர்கள் ஆவோம்.

படி 7: தேடலைக் கதையாக்குங்கள்

கதை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்தக் கதை என்பதுதான் கேள்வி. கண்டுபிடித்த விதமே பல நேரம் நல்ல கதையாக அமையும்.

1990-களில் தெற்காசியாவின் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. ஏதோ ஒரு கிருமி என்றே முதலில் பலர் சந்தேகித்தார்கள். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகள் மேல் வெள்ளைப் படிவம். சிறுநீரகம் செயலிழந்ததற்கான அடையாளம். கிருமி எதுவும் அகப்படவில்லை. அப்படியானால் நஞ்சா? கன உலோகங்களைத் தேடினார்கள், பூச்சிக்கொல்லிகளைத் தேடினார்கள். பிறகு கேள்வியையே மாற்றினார்கள்: இவை தின்பது செத்த கால்நடைகளை, அந்தக் கால்நடைகளுக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள்? டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி. 2004-இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு அதை உறுதிசெய்தது. 2006-இல் இந்தியா கால்நடை மருத்துவத்தில் அதற்குத் தடை விதித்தது.

இந்தக் கதையில் விஞ்ஞானிகள் தவறான பாதையில் போன இடங்களை வெட்டிவிடாதீர்கள். அவை இருப்பதால்தான் கடைசி விடையை நம்ப முடிகிறது.

அழகு கூடக்கூடச் சந்தேகப்பட வேண்டிய கதைகளும் உண்டு. 1995-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்; மான்கள் குறைந்தன, மரங்கள் வளர்ந்தன, ஆறுகளின் போக்கே மாறியது என்று ஒரு கதை உலகம் முழுக்கப் பரவியது. ஓநாய்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் பிற்கால ஆய்வுகள், கரடிகள், வேட்டை, ஓடைகளில் அணை கட்டும் பீவர் என்ற கொறிவிலங்குகள் மறைந்தது எனப் பல காரணங்களைச் சுட்டுகின்றன. பல ஓடைகள் இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்கின்றன. ஒரே நாயகன் எல்லாவற்றையும் சரிசெய்யும் கதை வந்தால் இன்னொருமுறை ஆய்வைத் திறந்து பாருங்கள்.

படி 8: படமும் வரைபடமும்

வரைபடத்தில் செங்குத்து அச்சு எங்கே தொடங்குகிறது என்று சொல்லுங்கள். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018-இல் உருவாக்கிய வெப்பக் கோடுகளில் எண்ணே இல்லை, ஆண்டுக்கு ஒரு பட்டைதான், குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு; ஆனாலும் பார்த்த கணத்தில் புரிகிறது.

உயிரினங்களின் படத்தைச் செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிப் போடாதீர்கள். இறகில் ஒரு கோடு மாறினால் அது வேறு இனம். அரிய உயிரினத்தின் கூடு, குகை, இருப்பிடம் தெரியும்படி படத்தையோ வரைபடத்தையோ வெளியிடவே கூடாது. படத்துக்குள் பதிவாகியிருக்கும் இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள். கடத்தல்காரர்களும் அதைத்தான் தேடுகிறார்கள்.

படி 9: பயத்தைத் தனியே விடாதீர்கள்

பயம் கவனத்தை இழுக்கும். என்ன செய்யலாம் என்பது கூடவே இல்லை என்றால், கேட்பவர் மனதை மூடிக்கொள்வார். 2018-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் குழாய்கள் அடைக்கப்படும் நாளை எதிர்நோக்கி நின்றது. நகர நிர்வாகம் பயத்தை மட்டும் சொல்லவில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரையறுத்தது, அணைகளின் நீர்மட்டத்தைத் தொடர்ந்து வெளியிட்டது, எதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று விளக்கியது. மூன்று ஆண்டுகளில் நகரின் நீர்ப்பயன்பாடு பாதிக்கும் கீழ் இறங்கியது. அதே சமயம் அந்த 'நாள்' பலமுறை தள்ளிப்போனதால் சிலர் அதை நம்பாமலும் போனார்கள். தேதி சொல்லும்போது, அது எதைப் பொறுத்து மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நடந்த வெற்றிகளையும் இதே விவரத்தோடு எழுதுங்கள். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை கையெழுத்தானது. இன்றைய கொள்கைகள் தொடர்ந்தால், அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் 2066 வாக்கில் 1980-இன் நிலைக்குத் திரும்பும் என்பது கணிப்பு. எந்த வாயுவை எந்தத் தொழிலில் எப்படி மாற்றினார்கள் என்ற விவரம் சேர்ந்தால்தான், அது அடுத்த பிரச்சினைக்கும் உதவும்.

படி 10: பொய்யை மறுக்கும்போது

உண்மையில் தொடங்குங்கள். பொய்யை ஒருமுறை மட்டும் சொல்லுங்கள், அதைத் தலைப்பில் போடாதீர்கள். எங்கே தவறுகிறது என்று காட்டிவிட்டு மறுபடி உண்மைக்கு வாருங்கள். "சூரியன்தான் சூடேறுகிறது" என்பதற்கு: சூரியன் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் கீழடுக்கு சூடாகிறது, மேலே உள்ள அடுக்கு மண்டலம் குளிர்ந்திருக்கிறது. வெப்பம் கீழே பிடித்துவைக்கப்படுவதன் அடையாளம் அது.

நம் பக்கத்தில் நின்று பேசும் பொய்களை மறுப்பதுதான் கடினம். அமேசான் காடு உலகின் ஆக்சிஜனில் 20 விழுக்காட்டைத் தருகிறது என்பது நல்லெண்ணத்தோடு பரவும் தவறு. அந்தக் காடு உண்டாக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முழுவதையும் அங்குள்ள மரங்களின் சுவாசமும் மட்கும் இலைகளைத் தின்னும் நுண்ணுயிர்களுமே செலவழித்துவிடுகின்றன. அமேசானைக் காக்கக் காரணங்கள் நிறைய உண்டு: அது தேக்கிவைத்திருக்கும் கார்பன், அது அனுப்பும் மழை, அதில் வாழும் உயிர்கள். பொய்யான காரணத்தை நாம் பிடித்துக்கொண்டிருந்தால், அது உடையும் நாளில் மெய்யான காரணங்களும் கேட்கப்படாமல் போகும்.

படி 11: வெளியிடும் முன்னும் பின்னும்

எழுதியதை, துறை சாராத இருவரிடம் கொடுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். மூடி வைத்துவிட்டு, என்ன படித்தீர்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் தப்பாகச் சொல்லும் இடத்தில் நீங்கள் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் விஞ்ஞானியிடம் கொடுங்கள். நடையை விட்டுவிட்டு உண்மைப் பிழையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகும் பிழை வரும். 2007-இன் ஐபிசிசி அறிக்கையில், இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. ஆதாரமில்லாத வரி. 2010 ஜனவரியில் ஐபிசிசி தவற்றை ஒப்புக்கொண்டது, அதன் பின் தன் சரிபார்ப்பு முறைகளையும் இறுக்கியது. பனியாறுகள் உருகிவருவது என்னவோ உண்மை, ஆண்டுதான் தவறு. ஆனாலும் அந்த ஒரு வரி பல ஆண்டுகள் எதிர்ப்பாளர்களின் கையில் ஆயுதமாக இருந்தது. உங்கள் எழுத்தில் பிழை தெரியவந்தால், அந்த வரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடாதீர்கள். எது தவறாக இருந்தது, இப்போது எது சரி, எப்படித் தெரியவந்தது, என்றைக்குத் திருத்தினீர்கள் என்ற நான்கையும் கட்டுரையின் மேலேயே, முதல் பத்திக்கு முன்னால் எழுதிவையுங்கள்.